நாற்பது மில்லி மிச்சம்

திங்கட்கிழமை காலை செல் வளர்க்கும் இன்குபேட்டரின் கதவைத் திறந்தபோது இரண்டாம் தட்டில் இருந்த ஃபிளாஸ்க் மஞ்சளாக இருந்தது.

சிவப்பாக இருந்திருக்க வேண்டும். செல்களுக்கு உணவாக ஊற்றும் மீடியம் புதிதில் தண்ணீர் கலந்த மாதுளைச் சாறு போல இருக்கும். செல்கள் அதைத் தின்று, கழிவை அதிலேயே விட, நாளடைவில் மஞ்சளாகும். அவளுடைய செல்கள் ஒரு நோயாளியின் ஈரலிலிருந்து எடுத்தவை, மெத்தனமானவை. ஒன்று இரண்டாக ஒன்பது நாள் எடுக்கும். சனிக்கிழமை மதியம்தான் புது மீடியம் ஊற்றியிருந்தாள்.

வாயு அளவைப் பார்த்தாள். சரியாக இருந்தது. வெப்பமும் சரி. கீழ்த்தட்டில் மற்றவர்களின் ஃபிளாஸ்குகள் வழக்கமான நிறத்தில் இருந்தன. தன்னுடையதை நுண்ணோக்கியின் அடியில் வைத்தாள். தரையில் பதித்த ஓடுகள் போல ஒன்றையொன்று ஒட்டி, ஒரே அடுக்காகக் கிடக்க வேண்டியவை, சின்னச் சின்னதாக ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. அந்த உருவத்தை அவள் முன்பே எங்கோ பார்த்திருக்கிறாள். எங்கே என்று யோசிக்கவே பயமாக இருந்தது.

இந்த நாட்டுக்கு ஆராய்ச்சி மாணவியாக வந்து நான்காவது வருடம் ஓடிக்கொண்டிருந்தது. தங்கும் அனுமதி முடியத் தொண்ணூற்றொரு நாள் இருந்தது. அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருந்த காலண்டரில் ஒவ்வொரு காலையும் ஒரு கட்டத்தை அடித்துவிட்டுத்தான் சாக்ஸ் போடுவாள். அனுமதியை நீட்டிக்கப் பேராசிரியரின் கடிதம் வேண்டும். அவருக்கு அவளுடைய கட்டுரை வேண்டும். புது மருந்தொன்று ஈரலைப் பாதிப்பதில்லை என்று அவளுடைய செல்களை வைத்துச் சொல்லும் கட்டுரை. அடுத்த வார வெள்ளிக்கிழமை அது பத்திரிகைக்குப் போக வேண்டும். இடையில் பதினோரு நாள்.

ஞாயிறுதோறும் அண்ணன் போனில் கேட்பான். "என்ன டாக்டரம்மா, பட்டம் வருதா, இல்ல நரைதான் வருதா?"

"ரெண்டும் வருது. நரை கொஞ்சம் முந்திக்கிச்சு."

"அந்தச் செல்லையெல்லாம் இன்னும் எத்தனை நாள்தான் கட்டி மேய்ப்ப?"

அவள் சிரித்துவிடுவாள். போன ஞாயிறும் சிரித்திருந்தாள்.

வீட்டில் கூட இருந்தவள் அதே ஆய்வகத்தில் வேலை பார்க்கும் அக்கா. ரத்த உறவில்லை; நான்கு வயது மூத்தவள், அடுத்த மேசைக்காரி, கட்டுரையில் இரண்டாம் பெயர். மூன்று வயது மகளை ஊரில் கணவனிடம் விட்டுவிட்டு வந்தவள். வேறொரு ஊரில் விரிவுரையாளர் வேலைக்கு அடுத்த மாதம் நேர்முகம். இந்தக் கட்டுரை வந்தால் வேலை, வேலை கிடைத்தால் மகள் இங்கே வருவாள். குழந்தைக்கென்று ஒரு சின்னக் கட்டில்கூட வாங்கிப் பிரிக்காமல் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தாள்.

அவளுக்கு அக்கா வைத்த பெயர் பிசினாரி. குளியலறையில் காலியாகப் போகும் ஷாம்பு பாட்டிலைப் புது பாட்டிலின் வாய்மேல் தலைகீழாக நிறுத்தி வைத்திருப்பாள், கடைசிச் சொட்டும் இறங்கட்டும் என்று. சோப்புத் துண்டைப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டுவாள்.

"என்னடீ இது, பாட்டிலுக்கு மேல பாட்டில்? சர்க்கஸா?"

"இருக்குறத எதுக்குக்கா வீணாக்கணும்?"

"நீ செத்தா உன்னையும் இன்னொருத்தர் மேல ஒட்டி வெச்சுடப் போறாங்க, பாரு."

செவ்வாய்க்கிழமை அவள் யாரிடமும் சொல்லாமல் மூன்று மாதிரிகளை வெளியூர்ச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினாள். இந்தச் செல் யாருடையது என்று மரபணுவை வைத்துச் சொல்லும் சோதனை. முதல் வருடம் உறையவைத்தது ஒன்று, போன வருடத்தது ஒன்று, மஞ்சள் ஃபிளாஸ்கிலிருந்து ஒன்று. முதல் வருடக் குப்பிகளில் நான்குதான் மீதம். அதில் ஒன்றைத்தான் உருக்கினாள். கொஞ்சத்தை அனுப்பிவிட்டு மற்றதைப் புது ஃபிளாஸ்கில் விதைத்தாள்.

எட்டு நாள் கழித்து முடிவு வந்தது. முதல் வருடத்தது நோயாளியின் ஈரல். மற்ற இரண்டும் அக்கா தன் ஆய்வுக்காக வளர்க்கும் செல்கள். எதையும் தாங்கும், ஒரே நாளில் இரட்டிக்கும் முரட்டு வகை.

அவள் குறிப்பேட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள். எல்லாம் அவளே பழக்கமாக்கிக்கொண்ட ஒழுங்கில் இருந்தது: தேதி, நேரம், அளவு, கையெழுத்து. ஒரு வகைச் செல்லுக்கு ஒரு மீடியம் பாட்டில் என்பது அந்த ஆய்வகத்தில் சுவரிலேயே ஒட்டிய விதி. ஒரு தடவை செல்லைத் தொட்ட குழாய் பாட்டிலுக்குள் போனால், கண்ணுக்குத் தெரியாமல் இரண்டு செல் உள்ளே தங்கிவிடும். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அவளுடைய கையெழுத்து இப்படி இருந்தது: 'மீடியம் போதவில்லை. அக்காவின் பாட்டிலில் நாற்பது மில்லி மிச்சம். அதையும் சேர்த்துக்கொண்டேன்.'

அந்தப் பக்கத்துக்குப் பிறகு நான்கு நாளில் மாறிய நிறம் மூன்று நாளில் மாறியிருந்தது. செல்கள் உன் கைக்குப் பழகிவிட்டன என்று பேராசிரியர் பாராட்டியதைக்கூட அவள் ஓரத்தில் எழுதி வைத்திருந்தாள். மருந்துச் சோதனைகள் அனைத்தும் அதற்குப் பிறகு செய்தவை.

வியாழக்கிழமை காலை பேராசிரியரிடம் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து, வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டார். யாருக்கும் தெரியாது என்றாள். அவர் மேசை இழுப்பறையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து அருகருகே வைத்தார். ஒன்று அவளுடைய அனுமதிக் கடிதம், கையெழுத்துக்கான இடம் காலி. மற்றது கட்டுரையின் முடிவுகள் உண்மை என்று அவள் ஒப்பமிட வேண்டிய படிவம். நாளைக்குப் பத்து மணிக்கு இரண்டையும் சேர்த்தே முடித்துவிடலாம் என்றார். பேனாவை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார். அன்பாகத்தான் பேசினார்.

வீட்டில் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு சின்னச் சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தாள். மகளுக்கு வாங்கியது.

"லூசு. முதல்ல என்கிட்டல்ல சொல்லியிருக்கணும்?"

"உங்ககிட்ட சொன்னா அவர்கிட்ட சொல்ல மாட்டேன்னு பயமா இருந்துச்சுக்கா."

"ஒரு மாசம் வாயை மூடிட்டு இருடீ. எனக்கு இன்டர்வியூ முடியட்டும். அப்புறம் திருத்தம்னு நாலு வரி போட்டுக்கலாம். ஊர் உலகத்துல போடாததா? இதுல யாரு செத்துடப் போறாங்க?"

இந்த மருந்தை இனி நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்ற கட்டுரையின் கடைசி வாக்கியம் இருவருக்கும் மனப்பாடம். அக்காவும் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் உன் பாட்டிலைத் தொட்டேனாடீ?"

"இல்லக்கா."

"அப்புறம் என் புள்ள எதுக்குடீ காத்துக் கிடக்கணும்?"

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அவள் பேராசிரியரின் அறைக்குப் போகவில்லை. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தையும் சோதனை முடிவையும் படமெடுத்து, கட்டுரையில் பெயர் உள்ள ஐந்து பேருக்கும் பத்திரிகைக்கும் அனுப்பினாள். 'தவறு என்னுடையது' என்று கீழே எழுதினாள். ஒருவரும் பதில் எழுதவில்லை. மாலையில் குளியலறைக்குப் போனபோது ஷாம்பு பாட்டில் ஒன்றுதான் இருந்தது. தலைகீழாக நின்றது குப்பைக்கூடையில் கிடந்தது. அக்காவின் அறைக்கதவு சாத்தியிருந்தது.

சனிக்கிழமை அவள் புது ஃபிளாஸ்கின் மீடியத்தை மாற்றினாள். பதினோரு நாளாகியும் செல்கள் தரையில் பாதியைக்கூட நிரப்பவில்லை. அந்த மந்தம் அவளுக்குத் தெம்பாக இருந்தது. செவ்வாய்க்கிழமை மறுபடி மாற்ற வேண்டும். ஒரு நாள் தப்பினாலும் இவை தாங்காது. முதலிலிருந்து தொடங்கி முடிக்க ஒன்றரை வருடம். அனுமதியில் மீதம் எழுபத்தொன்பது நாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஆய்வகக் கதவில் அட்டையைக் காட்டினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்துவிட்டுக் காட்டினாள். மறுபடியும் சிவப்பு. போனில் ஒரு கடிதம் வந்திருந்தது: விசாரணை முடியும்வரை அவளுக்கு ஆய்வகத்தில் அனுமதி இல்லை.

கதவின் கண்ணாடி வழியாக இன்குபேட்டர் தெரிந்தது. பத்தடி தூரம்.

நடைவழியில் செருப்புச் சத்தம் கேட்டது. அக்கா வந்தாள். நான்கு நாளாக ஒரே வீட்டில் இருந்தும் இருவரும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"தள்ளு."

அட்டையைக் காட்டினாள். பச்சை விளக்கு.

"அக்கா... இன்னைக்கு மீடியம் மாத்தணும். இல்லன்னா செத்துரும்."

"எத்தனை மில்லி?"

"பதினஞ்சு. புது பாட்டில்லேருந்து, அக்கா. சீல் உடைக்காதது."

அக்கா திரும்பி அவளை முழுசாக ஒரு பார்வை பார்த்தாள்.

"எனக்குச் சொல்லிக் குடுக்குறியா, பிசினாரி?"

கதவு அவள் முகத்துக்கு நேரே மெதுவாக வந்து பூட்டிக்கொண்டது. அவள் கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்தாள். அக்கா கையுறை போட்டாள். குளிர்பெட்டியைத் திறந்தாள், அதன் கதவு உள்ளிருந்ததை மறைத்தது. ஒரு பாட்டிலோடு வந்தாள். முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அவளுடைய தோள் ஒரு முறை அசைந்தது. சீலைத் திருகி உடைக்கவும் தோள் அப்படித்தான் அசையும். ஏற்கெனவே திறந்த மூடியைக் கழற்றவும் அப்படித்தான் அசையும்.

மீடியம் ஃபிளாஸ்குக்குள் இறங்கியது. சிவப்பாக, சுத்தமாகத்தான் இருந்தது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை எழுதிய அன்றும் அப்படித்தான் இருந்தது.