குளத்தைச் சுற்றிய போன்

கண்டி நகரில் ஒரு காப்புறுதிக் கம்பனியின் கிளையில் சந்திரகுமார் வேலை பார்த்தார். இழப்பீட்டு விண்ணப்பங்களைக் கணினியில் ஏற்றுவது அவர் பொறுப்பு. வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து கதிரையில் உட்கார்ந்துவிடுவார். மாலையில் எல்லோரும் போன பிறகுதான் எழுந்திருப்பார். வேலையில் அவ்வளவு அக்கறை என்று மேலாளர் நினைத்திருந்தார். உண்மை என்னவென்றால், தான் நடப்பதை மற்றவர்கள் பார்ப்பது அவருக்குப் பிடிக்காது.

சின்ன வயதில் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் தண்ணீர் ஓடும் ஒரு கானுக்குள் விழுந்து வலது கால் முறிந்தது. எலும்பு கோணலாகவே பொருந்திவிட்டது. அம்மா பாப்பம்மா கொழுந்து பறிக்கப் போகுமுன் அவரை முதுகில் சுமந்துபோய்ப் பள்ளிக்கூடத்தில் விடுவார். வளர்ந்த பிறகு தானே நடந்தார். ஒவ்வொரு அடிக்கும் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து நிமிரும். கணினி வேலை கிடைத்தபோது அவருக்கு வந்த பெரிய நிம்மதி, இனி நாள் முழுக்க உட்கார்ந்திருக்கலாம் என்பதுதான். உட்கார்ந்திருக்கும்போது அவரும் மற்றவர்களைப் போலத்தான் இருந்தார்.

வருஷங்கள் போயின. இடுப்பு வலி வந்தது. இரத்தத்தில் சீனி கூடியது. கிளினிக்கில் டாக்டர் நடக்கச் சொன்னார். தலையாட்டிவிட்டு வந்து மறுபடியும் உட்கார்ந்துகொண்டார்.

இப்படியிருக்க, கொழும்புத் தலைமைக் காரியாலயத்திலிருந்து ஒரு விளையாட்டு வந்தது. நாள் முழுக்கக் கதிரையில் இருப்பவர்களை எழுப்பி நடக்கவைக்கும் திட்டம். எல்லோரும் போனில் ஒரு செயலியைப் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு கிளையில் உள்ளவர்கள் நடக்க நடக்க, அவர்களுடைய யானை இலங்கைப் படத்தில் தெற்கு முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறையை நோக்கி நகரும். சாப்பாட்டு அறைத் தொலைக்காட்சியில் யானைக்குப் பின்னால் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு குட்டிப் பொம்மை நடந்துபோகும். நடக்காதவரின் பொம்மை கல்லில் உட்கார்ந்து தூங்கும். சந்திரகுமாரின் பொம்மை தூங்கிக்கொண்டே இருந்தது.

கிளையின் அணித் தலைவன் தினேஸ் ஒருநாள் அவரிடம் தணிந்த குரலில், போனைத் தந்தால் தாங்கள் நடக்கும்போது எடுத்துக்கொண்டு போவதாகச் சொன்னான். அவனுக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. சந்திரகுமாரும் மறுக்கவில்லை. பகல் இடைவேளையில் கண்டிக் குளத்தை முழுதாகச் சுற்றி வருகிறவர் அதே கிளையில் வேலை பார்த்த கிருஷாந்தி ஒருவர்தான். ஆகவே போன் அவருடைய கைப்பையில் போனது.

கிருஷாந்தி மாத்தளைக் கிளையிலிருந்து மாற்றலாகி வந்தவர். படுக்கையில் கிடந்த அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதில் கல்யாண வயது தாண்டிப்போயிருந்தது. இப்போது கட்டுகஸ்தோட்டையில் அக்கா வீட்டில் இருந்தார்.

அன்று முதல் சந்திரகுமார் தனியே சாப்பிட்டபடி தொலைக்காட்சியைப் பார்ப்பார். அவர் பெயரைத் தாங்கிய பொம்மை கைவீசி நேராக, சாயாமல் நடந்துபோகும். முதலில் அது அவருக்கு வேடிக்கையாக இருந்தது. பிறகு அம்மாவின் முதுகு ஞாபகம் வந்தது. இந்த வயதிலும் யாரோ தன்னைச் சுமந்துகொண்டு போவது போலிருந்தது. சோற்றுப் பார்சலைப் பாதியில் மடித்து வைத்தார்.

ஒருநாள் மழை கொட்டியது. கிருஷாந்தி தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டத் திரும்பி வந்தார். சோற்றுப் பார்சல் சுற்றிய பொலித்தீனைக் கழுவி, அதற்குள் சந்திரகுமாரின் போனைப் பத்திரமாக வைத்திருந்தார். தன் போனைத்தான் நனையவிட்டிருந்தார். சந்திரகுமார் போனை வாங்கிக்கொண்டார்.

"நாளையிலேருந்து வேணாம் மிஸ். நீங்க ஏன் எனக்காகக் கஷ்டப்படணும்?"

"கஷ்டமில்லீங்க சார். ஆனா உங்க பேரு மட்டும் என் பையில நடக்குது. எனக்கு அது நல்லாப் படல. நீங்களே வாங்களேன்."

"நான் நடந்தா ஆளுங்க பாப்பாங்க."

"பாக்கட்டும் சார். கொஞ்ச நேரம் பாத்துட்டு அவங்க அவங்க வேலையைப் பாக்கப் போயிருவாங்க."

மறுநாள் அவர் போனார். குளக்கட்டில் உட்காருவதற்குப் போட்டிருந்த முதல் வாங்குவரைக்கும்தான் முடிந்தது. சட்டை முதுகோடு ஒட்டிப்போனது. பாடசாலைப் பிள்ளைகள் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு தண்ணீரில் நீந்திப்போன, உடும்பு போன்ற கபரகொய்யாவைக் காட்டிக் கத்தத் தொடங்கினார்கள். கிருஷாந்தி அவருக்காக மெதுவாக நடப்பதாகக் காட்டிக்கொள்ளாமல் மெதுவாக நடந்தார். வழியெல்லாம் மாத்தளைக் கிளையில் சீலிங்குக்குள் குட்டி போட்ட மரநாயைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார்.

திரும்பி வந்து பார்த்தால் பொம்மை கல்லில் அப்படியே தூங்கிக்கொண்டிருந்தது. இழுத்து வைக்கும் அடியைச் செயலி அடியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. சந்திரகுமார் சிரித்துவிட்டார். கிருஷாந்திக்குத்தான் கோபம் வந்தது. தினேஸை விட்டுத் தலைமைக் காரியாலயத்துக்குப் பேசவைத்தார். அடிகளுக்குப் பதிலாகப் போன தூரத்தைக் கணக்கில் எடுக்க வழி இருப்பதாக அங்கிருந்து சொன்னார்கள். தினேஸ் அதை மாற்றிக் கொடுத்தான். அடுத்த நாள் பொம்மை எழுந்து நடந்தது. கொஞ்சத் தூரம்தான். ஆனால் அந்தத் தூரம் அவருடையது.

கண்டி யானை வவுனியாவைத் தாண்டுவதற்குள் போட்டி முடிந்துவிட்டது. மாத்தளைதான் ஜெயித்தது. எல்லோரும் செயலியை அழித்துவிட்டு மேசைக்குத் திரும்பினார்கள். இவர்கள் இருவரும் மட்டும் நடந்துகொண்டிருந்தார்கள். அவர் முதல்முறையாகக் குளத்தை முழுதாகச் சுற்றிய அன்று இருவரும் வேலைக்குப் பிந்திப்போனார்கள். சந்திரகுமார் தாமதமாக வந்ததை மேலாளர் அதுவரை கண்டதில்லை. சீனியும் மெல்லக் குறைந்தது.

கல்யாணப் பேச்சை எடுத்தவர் சந்திரகுமார்தான். குளக்கரையில் ஒரு வாகை மரத்தடியில் நின்றபோது, அம்மா உங்களைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்றார். கிருஷாந்தி அவர் பக்கம் திரும்பினார்.

"அம்மாவுக்கு மட்டுந்தானா ஆசை?"

"இல்லீங்க. எனக்குத்தான்."

ஆவணியில் கோயிலில் கல்யாணம் நடந்தது. கந்தோர் ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். அக்கினியைச் சுற்றி வரும் நேரத்தில் ஐயர் மந்திரத்தை நிதானமாகவே சொன்னார். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, சந்திரகுமார் கிருஷாந்தியின் விரலைப் பிடித்துக்கொண்டு, சாய்ந்தும் நிமிர்ந்தும், அவசரப்படாமல் சுற்றி வந்தார்.