பஞ்சுருட்டான் குடியிருக்கும் கரை

மனை பார்க்கப் போன இடத்தில் ஒரு மணி நேரம் குருவி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போன மாதம் நடந்த கதை.

நானும் மனைவியும் இருப்பது திண்டிவனத்தில், வாடகை வீட்டில். மகளைக் கொடுத்திருப்பது விழுப்புரத்தில். அவள் பக்கமாகவே ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டால் என்ன? புரோக்கர் ஏழுமலை பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார். ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான்... தென்பெண்ணை ஆற்றங்கரை. நெல் விளைந்த நிலத்தில் வரிசையாக மனைக்கல். ஆற்றைப் பார்த்த கடைசி மனை எனக்குப் பிடித்துவிட்டது.

அதை ஒட்டி மல்லாட்டை வயல், அதாவது வேர்க்கடலை. வயலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் ஆள் உயர மண்கரை. கரை முழுக்க ஓட்டைகள். எலியா? பாம்பா?

"அதெல்லாம் கவலைப்படாதீங்க சார். ஜேசிபி வந்தா அரை நாள்ல சமமாயிடும். அது மேலதான் நம்ம ரோடு வருது" என்றார் ஏழுமலை.

மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தார். அஞ்சலை. நாற்பத்தைந்து வயது இருக்கும். வயல் அவருடையது. கரையும் அவர் பட்டாவில்தான்.

"ரோடா? டிராக்டர் போவ வழின்னுதானேண்ணா சொன்னீங்க?"

ஏழுமலை செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு தள்ளிப் போனார்.

ஓட்டைக்குள் என்ன இருக்கிறது என்று அஞ்சலையிடம் கேட்டேன். "கொஞ்ச நேரம் குந்துங்க சார், வரும்" என்றார்.

வந்தது. பச்சைக் குருவி. வாலில் ஊசிபோல ஓர் இறகு. பறக்கிற தும்பியை அந்தரத்திலேயே பிடித்து, வேலங்கிளையில் நாலு அடி அடித்து, பொந்துக்குள் நுழைந்தது. போனில் தேடினேன் — பஞ்சுருட்டானாம். அந்தச் சின்ன அலகால் கை நீளத்துக்குச் சுரங்கம் தோண்டுமாம். இத்தனை வயதாகியும் இது எனக்கு எப்படித் தெரியாமல் போனது?

"ஆத்துல பெரிய வெள்ளம் வந்தப்ப பொந்தெல்லாம் அரிச்சிக்கினு பூடுச்சி சார். மறுவருசம் பாத்தா, திரும்பவும் வந்து தோண்டிக்கினு இருக்குதுங்க. கரைய வெட்டுன பக்கமெல்லாம் வயலுக்குள்ள மணல் ஏறிடுச்சி. இந்தப் பக்கம் தப்பிச்சிது."

இருபது வருடம் இதே வயலில் கூலிக்குக் களை எடுத்தவர் அவர். நிலத்துக்காரர் விற்றபோது கணவரும் அவருமாக வாங்கியிருக்கிறார்கள். சுற்றியிருந்தவர்கள் மனைக்கு விற்றுவிட்டார்கள். இவர்கள் விற்கவில்லை.

இடுப்பிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். "கையெழுத்து போடச் சொல்லி ஏழுமலையண்ணன் குடுத்தாரு. இங்கிலீசுல இருக்குது. படிச்சி சொல்றீங்களா சார்?"

படித்தேன். கரையைச் சமன் செய்து, நிரந்தரமாகச் சாலை போட்டுக்கொள்ளச் சம்மதம் என்றிருந்தது. அந்தச் சாலை வந்தால்தான் எனக்குப் பிடித்த மனைக்கு வழி. 'சரியாப் புரியலம்மா' என்று சொல்லியிருக்கலாம்... நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டு, உள்ளதைச் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. நேராகப் போய் ஏழுமலை கையில் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"டிராக்டர் வயல் ஓரமா போவட்டும்ண்ணா. கரை மேல கை வெக்க வேணாம்."

"நாலு குருவிக்காகவாம்மா?"

"நான் வாங்கறதுக்கு முன்னாடியே இங்க இருக்குதுங்க. நாங்களே எத்தினி கொட்டாய் மாறி வந்தவங்க... குடியிருக்கறதுங்கள எப்பிடிண்ணா காலி பண்ணச் சொல்றது?"

ஏழுமலை காகிதத்தைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு பைக்கைக் கிளப்பினார். திரும்பும் வழியெல்லாம் என்னோடு பேசவில்லை. நியாயம்தானே?

போன வாரம் அவரே போன் செய்தார். ரோட்டை உள்பக்கமாக வளைத்துவிட்டார்களாம். அந்த வளைவில் ஒரு மனை அடிபட்டுப் போனதாம். எது என்று கேட்கிறீர்களா? நான் பார்த்ததுதான்.

மனைவிக்கு வருத்தம். அப்படி என்னதான் இருக்கிறது அங்கே என்று நேற்று கூடவே கிளம்பி வந்தாள். பொந்துகளில் குஞ்சுகள் எட்டிப் பார்க்க ஆரம்பித்திருக்கின்றன. பார்த்துக்கொண்டே இருந்தவள், மெதுவாக என் பக்கம் குனிந்தாள். "அந்த மூணாவது பொந்துல எத்தினி இருக்குது... ரெண்டா, மூணா?"

நீங்களும் பார்க்கப் போனால் கொஞ்சம் தள்ளியே உட்காருங்கள் — வாசலை மறைத்துக்கொண்டு யாராவது உட்கார்ந்தால் நமக்கே பிடிக்காதே.