மலைக்கடையில் கதிரை வாடகை

ஒரு கதிரையில் குந்தியிருப்பதற்குக் காசு கொடுத்த அனுபவம் உங்களுக்கு உண்டா? எனக்கு உண்டு. அதுவும் ஒஸ்ரியாவில், மலை உச்சியில், காலை பத்து மணியிலிருந்து பின்னேரம் நாலு மணி வரை. முப்பது வருடமாக ஒஸ்லோவில் பனியை வழித்து, பனியில் வழுக்கி விழுந்து, பனியைத் திட்டிக்கொண்டே வாழ்ந்த எனக்கு, காசு கட்டி இன்னொரு நாட்டுப் பனியைப் போய்ப் பார்க்கவேண்டும் என்று தலையில் எழுதியிருந்தது.

எழுதியவள் என் மகள். அவளுக்கு இருபத்தெட்டு வயது. ஒஸ்லோவில் பிறந்தவள், பொறியியல் படித்தவள். இரண்டு வருடமாக ஒரு நோர்வேஜியப் பெடியனோடு அங்கேயே ஹவுகெட்டோவில் இருக்கிறாள், வருகிற கோடையில் கல்யாணம். பெடியனின் குடும்பம் ஒவ்வொரு குளிர்கால விடுமுறைக்கும் அல்ப்ஸ் மலைக்குப் பனிச்சறுக்கப் போகும். இந்த முறை பெண்ணின் தாய் தகப்பனும் வரட்டும், ஆளையாள் பழகலாம் என்று கூப்பிட்டுவிட்டார்கள். தங்குமிடம் அவர்கள் செலவு. சாப்பாடு அவரவர் பாடு.

என் மனிசன் பஸ் ஓட்டுகிறவர். லீவு இல்லை என்று நழுவிவிட்டார். லீவு இருந்தது, எனக்குத் தெரியும்.

“நீர் போட்டு வாருமன். உமக்குத்தானே ஆக்களோடை கதைக்கத் தெரியும்,” என்றார்.

போவதற்கு முதல் ஞாயிறு, நகரின் மறுபக்கம் ரொம்சோஸில் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு மகள் வாசலில் நின்று சப்பாத்துப் போட்டாள். நிமிராமலே சொன்னாள்:

“அம்மா, ஒண்டு சொல்லட்டே? அங்கை ஏதும் வாங்குவமோ எண்டு கேட்டினமெண்டால் வேண்டாம் எண்டு சொல்லிப்போடாதேங்கோ. விலையைப் பாத்து முகத்தைச் சுழிக்காதேங்கோ. இந்த ஒரு கிழமை மட்டும். ப்ளீஸ்.”

எனக்குச் சுள்ளென்றது. நான் என்ன, முகம் சுழிக்கிறவளா? ஓம், சுழிக்கிறவள்தான். முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்கிறவளுக்கு ஒரு உருளைக்கிழங்கின் விலை தெரியும். ஆனால் அந்த நிமிடமே ஒரு முடிவு எடுத்தேன். அவர்களுக்கு முன்னால் என் பிள்ளையின் முகம் கறுக்கக் கூடாது. என்ன வந்தாலும் பரவாயில்லை.

முதல் நாள், ஞாயிறு காலையிலேயே என் நிலைமை விளங்கிவிட்டது. இளசுகளும் பெடியனின் தகப்பனும் சறுக்கப் போய்விட்டார்கள். பெடியனின் தாய்க்கு முழங்காலில் சத்திரசிகிச்சை செய்து ஐந்து மாதம், இந்த வருடம் சறுக்கக் கூடாதாம். மனதுக்குள் நான் அவரைச் சம்பந்தியம்மா என்றே கூப்பிட்டேன். எங்கள் இரண்டு பேரையும் கம்பியில் தொங்கும் பெட்டியில் ஏற்றி மலை உச்சிச் சாப்பாட்டுக் கடைக்கு அனுப்பினார்கள். ரிக்கற் ஒருமுறை ஏற, ஒருமுறை இறங்க. தங்கிய வீட்டைப் பூட்டிய திறப்பு பெடியனின் தகப்பனின் ஜக்கெற்றுக்குள். “அவவைத் தனிய விட்டிடாதேங்கோ அம்மா,” என்று மகள் காதுக்குள் சொல்லிவிட்டுப் போனாள். நாலு மணிவரைக்கும் எனக்குப் போக்கிடம் இல்லை.

நான் என்ன வெறுங்கையோடா போவேன்? ரொம்சோஸிலிருந்து முப்பது மீன் றோல்ஸ் பொரித்துக் கொண்டுபோயிருந்தேன். நோர்வேயில் எந்த மலைக்குடிலுக்குப் போனாலும் ஒரு கோப்பியை வாங்கிவிட்டு, வீட்டிலிருந்து கட்டிவந்த பாணை எடுத்து மேசையில் வைக்கலாம். ஒருவரும் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். பாண் பொட்டலம் கட்டிவராதவனைத்தான் ஊதாரி என்று பார்ப்பார்கள். அந்த நினைப்பில் நான் அலுமினியத் தாளைப் பிரித்தேன். சம்பந்தியம்மாவும் தன் பையிலிருந்து எண்ணெய்த்தாளில் சுற்றிய பாணை எடுத்தார்.

பரிசாரகப் பெண் வந்தாள். சுவரில் இருந்த பலகையை விரலால் தட்டினாள். பாணின் படம், அதன் குறுக்கே சிவப்புக் கோடு.

சம்பந்தியம்மா காதுவரை சிவந்துபோனார். நோர்வேஜியருக்கு விதியை மீறிப் பிடிபடுவதைவிட அவமானம் வேறில்லை. பாணைப் பைக்குள் திணித்த வேகத்தில் கண்ணாடியும் கழன்று விழுந்தது. பக்கத்து மேசைகள் பார்த்தன. நான் பதறிப்போய், றோல்ஸை மூடிவிட்டு, “இரண்டு சூப், இரண்டு சொக்லேட், இன்றைக்கு நான்தான் கொடுப்பேன்,” என்று சொல்லிவிட்டேன். அங்கேதான் ஆழம் தெரியாமல் காலை விட்டேன்.

எங்கள் ஆட்களோடு என்றால் இது ஒரு சண்டையின் தொடக்கம். ஒருவர் பேர்சைத் திறந்தால் மற்றவர் கையைப் பிடிக்கவேண்டும். “விசர்க்கதை கதையாதேங்கோ” என்று சத்தம் போடவேண்டும். மூன்றுதரம் இழுபட்டு ஒருவர் தோற்கவேண்டும். தோற்றவர் அடுத்தமுறை கடைக்காரனுக்கு முதலே காசைத் திணித்து வெல்லவேண்டும். யாழ்ப்பாணத்துக் குடும்பங்களின் பேர்சுகள் இப்படித்தான் சமநிலையில் இருக்கின்றன.

சம்பந்தியம்மா “மிக்க நன்றி” என்றார். பேர்சை மூடினார். அவ்வளவுதான்.

சூப் பன்னிரண்டு யூரோ. சொக்லேட் ஆறரை. குழாய்த் தண்ணீர் ஒரு கிளாஸ் கேட்டேன், அதற்கும் இரண்டு யூரோ போட்டிருந்தார்கள். குழாய்த் தண்ணிக்குக் காசா! கோதாரி. மலசலகூட வாசலில் இன்னொரு யூரோ. குடித்தாலும் காசு, குடித்ததை விட்டாலும் காசு. நோர்வே குரோனரில் எவ்வளவு என்று மனம் பெருக்கிக்கொண்டே இருந்தது, முகம் சிரித்துக்கொண்டே இருந்தது.

“என்ன மலிவு!” என்றார் சம்பந்தியம்மா, சூடான வைனை உறிஞ்சிக்கொண்டு. “ஒஸ்லோவில் இதற்கு இரட்டிப்பு விலை.”

உண்மைதான். அவர் ஒஸ்லோ ரெஸ்ரோறன்ற் விலையோடு ஒப்பிட்டார். நான் என் வீட்டு அடுப்போடு ஒப்பிட்டேன்.

கோப்பை வெறுமையானால் அந்தப் பெண் வந்து பக்கத்தில் நிற்பாள். சறுக்கிக் களைத்துத் தண்ணீர் சொட்டச் சொட்ட வருகிறவர்கள் எங்கள் கதிரைகளையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஆகவே மணித்தியாலத்துக்கு ஒருதரம் எதையாவது வாங்கவேண்டும். இரண்டாம் நாள் சம்பந்தியம்மா பேர்சை எடுத்தார். என் கை தன்பாட்டில் போய் அதைத் தள்ளியது. பிறவிப் பழக்கம். “சரி, மிக்க நன்றி,” என்று உடனே பின்வாங்கிவிட்டார். முப்பது வருடம் இந்தச் சனத்தோடு வேலை செய்தவள் நான். வேண்டாம் என்றால் வேண்டாம், தருகிறேன் என்றால் தருகிறேன், இரண்டாம்தரம் கேட்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் சம்பந்திக்கு முன்னால் இருந்தது வேலைக்காரி இல்லை, பெண்ணைப் பெற்றவள்.

மூன்றாம் நாள், கடிதஉறையில் கொண்டுபோன நானூறு யூரோவும் முடிந்தது. வெளியே குளிருக்குள் நின்று மனிசனுக்குப் போன் அடித்தேன்.

“விருந்தும் மருந்தும் மூண்டு நாளப்பா. ஏதும் சாட்டுச் சொல்லிப்போட்டு இறங்கும்,” என்றார்.

“எங்கை இறங்கிறது? திறப்பும் இல்லை. அவவைத் தனிய விடக்கூடாதெண்டு பிள்ளை சொன்னவள்.”

“அப்ப ஆளுக்குப் பாதி எண்டு அவவிட்டைச் சொல்லுமன்.”

“வாய் வருதில்லை.”

“உமக்கோ? உமக்கு வாய் வருதில்லையோ?” என்று சிரித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைக் கட்பண்ணினேன். அவர் கட்டிலில் படுத்துக்கொண்டு மீன்குழம்பும் சோறும் சாப்பிடுகிற மனிசன், சிரிக்கத்தான் செய்வார்.

அதற்குள் இன்னொரு கவலை வந்து சேர்ந்தது. சம்பந்தியம்மா குறைத்துக்கொண்டே வந்தார். முதல் நாள் சூப், வைன், அப்பிள் கேக். இரண்டாம் நாள் சூப் மட்டும். மூன்றாம் நாள் வெறும் தேநீர். என்னைப் பிடிக்கவில்லைப் போலிருக்கிறது, என்னோடு இருந்து சாப்பிட மனமில்லை, கல்யாணத்துக்குப் பிறகு என் பிள்ளையை எப்படி நடத்துவாரோ என்றெல்லாம் யோசித்தேன். “கேக் சாப்பிடுங்கள், உங்களுக்கு விருப்பம்தானே,” என்று நானே சொல்லி வரவழைத்தேன், கிறீமும் வைத்து. அவர் அதைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, மருந்து விழுங்குவதுபோல விழுங்கினார். நாலாம் நாளும் அதே கதை. புலிவாலைப் பிடித்துவிட்டேன், விடவும் வழியில்லை.

ஐந்தாம் நாள் காற்று அடித்தது. கம்பியில் தொங்கும் பெட்டிகளை நிறுத்திவிட்டார்கள். கடைக்குள் நின்ற எவரும் இறங்க முடியாது. இரண்டு மணிக்குப் பரிசாரகப் பெண் பில்லோடு வந்தாள். அட்டையை மெஷினில் வைத்தேன். கீச்சென்றது. திரும்ப வைத்தேன், திரும்பக் கீச்சென்றது. சம்பளத்துக்கு இன்னும் ஒரு கிழமை இருந்தது. “காசில்லை,” என்று அந்தப் பெண் சொல்லவில்லை, ஆனால் மெஷினை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். பிள்ளையின் முகம் கறுக்கக்கூடாது என்று ஐந்து நாள் கட்டிக்காத்தது, ஒரு கீச்சில் போய்விட்டது.

சம்பந்தியம்மா பேர்சை எடுத்தார். நம்பமாட்டீர்கள், அப்போதும் என் கை அதைத் தள்ளப் போனது. இந்தமுறை அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“என்னைக் கொடுக்க விடுங்கள். தயவுசெய்து. நான் திங்கட்கிழமையிலிருந்து கொடுக்கவே விரும்புகிறேன்,” என்றார். அவர் கண்களில் தண்ணீர். “உங்கள் மகள்தான் சொன்னாள். அம்மா காசு கொடுத்தால் மறுக்கவேண்டாம், மறுத்தால் தமிழருக்குப் பெரிய அவமானம், நன்றி மட்டும் சொல்லுங்கள் என்று. செவ்வாய்க்கிழமையிலிருந்து எனக்குப் பசிக்கவே பயம். நான் தேநீர் கேட்டால் நீங்கள் கேக் எடுத்துத் தருகிறீர்கள்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க அடக்க வந்தது. அவரும் சிரித்தார். இரண்டு பேரும் மூக்கைச் சிந்திக்கொண்டு சிரித்ததில் பக்கத்து மேசைக்காரர் நாங்கள் வைனில் தலைகீழாக நிற்கிறோம் என்று நினைத்திருப்பார்கள். இரண்டு பேரும் ஒரே கூட்டுக்குள் அகப்பட்டு, ஆளையாள் பூட்டிவைத்திருந்திருக்கிறோம். ஆறாம் நாள் பாதிப் பாதி போட்டோம், ஒரே சூப்பை இரண்டு கரண்டியால் குடித்தோம்.

சிரிப்பு அடங்கியதும் மகள்மேல் கோபம் வந்தது. எனக்கு ஒரு கதை, அவவுக்கு ஒரு கதை. இரண்டு பக்கமும் கதவைச் சாத்தியவள் இவள்தானே. ஆனால் அங்கே வைத்து நான் வாயைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் ஒஸ்லோவுக்கு வந்து இறங்கினோம். பெடியன் ஹவுகெட்டோவுக்குப் போக, என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மகள் ரொம்சோஸ்வரை சுரங்க ரயிலில் என்னோடு வந்தாள். எதிரே சறுக்குப் பலகைகளோடு ஒரு கூட்டம் பள்ளிக்கூடப் பிள்ளைகள். பொறுத்தது போதும் என்று கேட்டேன்.

“ஏனடி அவவுக்கு அப்பிடிச் சொன்னனீ? என்ரை காசு முழுக்கப் போச்சு. கார்ட்டும் வேலை செய்யேல்லை. சனத்துக்கு முன்னாலை நாண்டுகொண்டு சாகலாம் போல கிடந்தது.”

அவளுக்கு அது தெரியாது. முகம் வெளிறிவிட்டது.

“அவ தாறன் எண்டால் நீங்கள் வேண்டாம் எண்டுவீங்கள். அவ விட்டிடுவா. பிறகு நீங்கள் ஒண்டும் வாங்காமல், பசிக்கேல்லை எண்டு சொல்லிக்கொண்டு, அந்தக் கதிரையிலை நாள் முழுக்க இருப்பீங்கள். அதை என்னாலை பாக்க ஏலாது அம்மா. நீங்கள் குடுக்கிறதெண்டால் உங்களுக்கும் சேத்து வாங்குவீங்கள் எண்டு நினைச்சன்.”

“இருந்தால் என்ன? செத்தே போவன்?”

“எனக்குத் தெரியும் அப்பிடி இருக்கிறது எப்பிடியெண்டு.”

எதிரே இருந்த பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பள்ளிக்கூடத்தில் வருடத்துக்கு ஒருநாள் பனிச்சறுக்கக் கூட்டிக்கொண்டு போவார்கள். “நீங்கள் பாண் கட்டித் தருவீங்கள். அது பிரச்சினையில்லை, எல்லாரும் பாண்தான். சாப்பிட்டு முடிய எல்லாரும் எழும்பி சொக்லேட் வாங்கப் போவினம். நான் ஜக்கெற்றுகளைப் பாத்துக்கொள்ளுறன் எண்டு இருந்திடுவன். ஒவ்வொரு வருசமும் நான்தான் ஜக்கெற் பாக்கிற ஆள்.”

“என்னட்டைக் கேட்டிருக்கலாமே?”

“கேட்டால் தந்திருப்பீங்கள். தந்துபோட்டு இன்னொரு இடத்திலையும் கிளீனிங்குக்கு ஓடியிருப்பீங்கள்.”

ஐந்தாம் வகுப்புப் பெற்றோர் கூட்டத்தில் ரீச்சர் என்னிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. உங்கள் மகள் எவ்வளவு பொறுப்பான பிள்ளை, எல்லோருடைய உடைமையையும் அவள்தான் பார்த்துக்கொள்கிறாள் என்றார். அதை நான் ரொம்சோஸில் ஒரு வீடு விடாமல் சொல்லிப் பெருமைப்பட்டேன். வந்த விருந்தாளிகளுக்கு முன்னால் அவளை வைத்துக்கொண்டே சொன்னேன்.

வாயில் வந்ததைக் கேட்டேன்.

“எவ்வளவு பிள்ளை, அந்தச் சொக்லேட்?”

“இருபத்தைஞ்சு குரோனர்,” என்றாள், யோசிக்காமல். “கிறீம் போட்டால் முப்பது.”