முதுகில் ஒரு நம்பர்

தாயில்பட்டிப் பொன்மணி சட்டென்று அழுகிற ஆள் இல்லை. பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்தும் அறையில் வேலை பார்க்கிறவளுக்கு அழுகையெல்லாம் எப்போதோ வற்றியிருக்கும் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். அதெல்லாம் வற்றாது.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்காரன் காளீஸ்வரன் சட்டையோடு குளிக்கப் போனான். அதே கம்பெனியில் மருந்து கலக்குகிறவன் அவன். அலுமினியப் பவுடர் படிந்து உச்சி முதல் உள்ளங்கால் வரை வெள்ளி பூசினாற்போல வருவான். தேங்காய் நாரும் சோப்பும் போட்டுப் பரபரவென்று தேய்த்தால்தான் தோல் தெரியும். சட்டையோடு குளிக்கிறவனை எந்தப் பெண்டாட்டி சும்மா விடுவாள்?

"என்ன, புதுசா வெக்கம்?"

"முதுகுல கட்டி. நீ போ."

தோளைத் தொட்டாள். காய்ச்சலில் கொதித்தது. சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. இழுத்தால் தோலும் வந்துவிடும். வெந்நீரை விளாவி, துணியில் நனைத்து நனைத்து வைத்தாள். சட்டை மெல்ல விட்டது. அடியில் தீப்புண் களிம்பு கெட்டியாக அப்பியிருந்தது. இந்தப் பக்கத்து வீடுகளில் உப்பு புளி இருக்கிறதோ இல்லையோ, அந்தக் களிம்பு இருக்கும். எந்தப் புண்ணுக்கும் கை அதற்குத்தான் போகும்.

களிம்பை வழித்தாள். சிவந்து வீங்கிய தோலில் கறுப்பாக இரண்டு வரி பச்சை குத்தியிருந்தது. மேலே அவன் பெயர். கீழே அவளுடைய போன் நம்பர்.

எதற்கு என்று அவள் கேட்கவில்லை. போன சீசனில் வேறொரு கம்பெனியில் வெடித்தபோது சிவபாண்டி செத்துப்போனான், இவனுடைய சேக்காளி. கலவை அறைக்குள் மோதிரம் ஆகாது, வாட்ச் ஆகாது, இடுப்பு வெள்ளிக்கொடி ஆகாது. ஒரு உரசல் போதும். நியாயம்தான். ஆனால் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுப் போனவனை அப்புறம் எதை வைத்து அடையாளம் சொல்வது? சிவபாண்டியின் பெண்டாட்டி மரபணுச் சோதனை முடிவுக்காக ஆஸ்பத்திரி வாசலில் கிடந்தாள். துணைக்கு இருந்தவன் காளீஸ்வரன்.

"கையில குத்துனா நிக்காது. முதுகுன்னா மிஞ்சும்" என்றான், சுவரைப் பார்த்தபடி.

பொன்மணி ஈரத்துணியை அவன் மேலேயே வீசினாள். "பெரிய அறிவாளி! போறதுன்னு முடிவே கட்டிட்டீகளா?"

"நம்ம சினேகா நம்பரையா குத்தச் சொல்லுத? பத்தாப்புப் படிக்கிற புள்ளையா அந்தப் போன எடுக்கணும்?"

அப்போதுதான் அவள் அழுதாள். அழுதுகொண்டே அந்தத் துணியை எடுத்து அலசினாள்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, காய்ச்சல் இறங்கும்வரை வேலைக்குப் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். விருதுநகரில் பச்சை குத்திய மாரிக்கண்ணன் போனில் குதித்தான். "படிச்சுப் படிச்சுச் சொன்னேனேக்கா! நார் ஆகாது, வேர்வை ஆகாது. வெறுங்கையில சோப்பு நொரையத் தொட்டுக் களுவுங்க. தொடைக்காம ஒத்தி எடுங்க. நான் குடுத்த கிரீம மட்டும் லேசாத் தடவுங்க. பொருக்கப் பிய்க்காதீக."

அதன்பின் அவளும் லீவு போட்டாள்; காலையும் மாலையும் அவன் முதுகு அவள் பொறுப்பு. ஒருநாள் பழக்கதோஷத்தில் கை நாரை எடுத்துவிட்டது. முதுகில் வைக்கப் போனவள் அதைச் சாக்கடையில் எறிந்தாள். கடைசி எண்ணில்தான் சீழ் கோத்திருந்தது. அது சிதைந்தால் போன் எவன் வீட்டிலோ அடிக்கும். அப்படி ஒரு போன் வரவே கூடாது என்று மாரியம்மனைக் கும்பிட்டாள். அந்த எண் பிசகாமல் தெரிய வேண்டும் என்றும் அதே வாயால் கும்பிட்டாள். எந்தச் சாமி இதைக் கேட்டுத் தலை சுற்றாமல் இருக்கும்?

பொருக்கு உதிர்ந்தது. கடைசி எண் கொஞ்சம் வெளுத்திருந்தாலும் நன்றாகவே தெரிந்தது. கிரீமை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் விடவேண்டாம் என்றான் மாரிக்கண்ணன். இருவரும் வேலைக்குக் கிளம்பினார்கள்.

கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் ஊர்க்காவலன் மரப்பெட்டியை நீட்டினார். உள்ளே போகுமுன் எல்லாரும் அதில் போனைப் போடவேண்டும். காளீஸ்வரன் போட்டான். பொன்மணியின் கை பெட்டிக்கு மேல் நின்றுவிட்டது.

"என்ன மதினி, போனப் பிரிய மனசில்லையா?"

அவள் பெட்டியைப் பார்த்தாள். அங்கிருந்து கலவை அறையைப் பார்த்தாள். அதற்கு அடுத்ததுதான் அவள் அறை.

"ஏங்க, அந்த நம்பருக்கு அடிச்சா எங்கன அடிக்கும்?"

காளீஸ்வரனுக்கு விளங்கவில்லை.

"இந்தப் பெட்டிக்குள்ளல்ல அடிக்கும்? எடுக்க வேண்டியவ பக்கத்து ரூம்லல்ல கெடப்பா? அப்புறம் யாரு வந்து அடையாளம் சொல்ல? எம் புள்ளதான?"

இத்தனை யோசித்தவன் இதை யோசிக்கவில்லை. இவ்வளவு நாள் அந்த நம்பரைக் கழுவியவளும்தான் யோசிக்கவில்லை.

"நீங்களும் வாங்க, போயிருவோம்."

"எனக்கு இதவிட்டா வேற என்ன தெரியும், பொன்மணி?"

"அப்ப ரெண்டு பேருல ஒருத்தராவது வெளிய இருக்கணும். நான் வீட்டுலயே குழாய் உருட்டிக்கிடுதேன்."

போனை முந்தானையில் முடிந்துகொண்டு நடந்தாள். அவன் உள்ளே போனான்.

இப்போது பொன்மணி வீட்டில் பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டுகிறாள். போன் முழங்காலை ஒட்டியே கிடக்கும். அது அடிக்கும் ஒவ்வொரு தடவையும் அவள் கை நின்றுவிடும். சாயங்காலம் அவன் வந்து, சட்டையைக் கழற்றி, முதுகைக் காட்டி உட்கார்ந்த பிறகுதான் அதை எடுத்து மாடத்தில் வைக்கிறாள்.