கானாவிலிருந்து வந்தவன் சாப்பிடவில்லை

எனக்குக் கல்யாணம் ஆனபோது நாற்பது வயது தாண்டிவிட்டது. அவளுக்கு நாற்பதைத் தொட இன்னும் சில வருடங்கள் இருந்தன. எழுபதுகளின் தொடக்கம். கானா நாட்டில் ஒரு பள்ளியில் பல வருடம் உயிரியல் சொல்லிக்கொடுத்துவிட்டு அவள் ஊர் திரும்பியிருந்தாள். நான் தாம்பரத்தில் தமிழ் வாத்தியார். சபைப் பெரியவர்கள் பேசி முடித்த சம்பந்தம். பல்லாவரத்தில் அவளுடைய அக்கா வீட்டில் எங்கள் இருவரையும் கொஞ்ச நேரம் தனியாக உட்காரவைத்தார்கள். கடைசியில் அவள்தான் ஆரம்பித்தாள்.

“என்கிட்ட ஒரு பாம்பு இருக்கு. உங்களுக்குப் பரவாயில்லையா?”

பள்ளிக்கூட ஆய்வகத்தில் கண்ணாடி ஜாடிக்குள் ஊறிக்கொண்டிருக்குமே, அப்படி ஒன்றை ஞாபகத்துக்குக் கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். “அதுக்கென்ன, இருக்கட்டும்” என்றேன்.

அது உயிரோடு வந்தது. மலைப்பாம்பில் சின்ன ரகம். என் கையை விடக் கொஞ்சம் நீளம், நடுவில் நல்ல பருமன், கறுப்பும் பழுப்புமாகத் திட்டுத்திட்டான உடம்பு. விஷம் கிடையாது. பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்து மாதிரி சுருண்டுகொள்ளும். அதற்கு அவள் பெயர் எதுவும் வைக்கவில்லை. “இவன்” என்றுதான் சொல்வாள். கப்பலில் ஒரு துணிப்பைக்குள் வைத்து, பைக்கு மேல் கூடை, கூடைக்கு மேல் புடவை என்று மூடி பம்பாய் வரை கொண்டுவந்திருக்கிறாள்.

அக்கா வீட்டில் அந்தக் கூடைக்குள் இருந்தவரை அது எலி தின்றது. மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வாடகை வீட்டுக்கு வந்தபின் வாயைத் திறக்கவில்லை.

தேயிலைப் பெட்டி ஒன்றை வாங்கி, முன்பக்கம் கண்ணாடி போட்டு, உள்ளே மணல் பரப்பிப் பெரிய வீடாகத்தான் செய்து கொடுத்திருந்தோம். வந்த முதல் வாரம் பயணக் களைப்பு என்றாள். அடுத்து, ரயில் சத்தம் என்றாள். எங்கள் வீடு தண்டவாளத்துக்குப் பக்கம். மின்சார ரயில் போகும்போது அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசும். பாம்புக்குச் சத்தத்தை விடத் தரை அதிர்வதுதான் தொந்தரவு என்று சொல்லிப் பெட்டியைக் கூடத்திலிருந்து படுக்கையறைக்கு மாற்றினாள். அங்கே வெக்கை போதாது என்று சமையலறைக்கு. அங்கே புகை என்று மறுபடி கூடத்துக்கு. ஒவ்வொரு முறையும் ஒரு பக்கம் அவள் தூக்குவாள், ஒரு பக்கம் நான். மணலோடு அந்தப் பெட்டி என்ன கனம் கனக்கும் என்பது தூக்கியவனுக்குத்தான் தெரியும்.

எலி பிடிப்பது என் பொறுப்பு. கூண்டில் மசால்வடைத் துண்டைச் செருகிவைப்பேன். விழுந்ததைக் கூண்டோடு வாளித் தண்ணீரில் அமுக்குவதும் நான்தான். உயிரோடு உள்ளே விட்டால் எலி பாம்பைக் கடித்துவிடும் என்றாள். பிறகு அதைத் துடைத்து, வெயிலில் காயவைத்துச் சூடேற்றி, இடுக்கியால் வாலைப் பிடித்துப் பெட்டிக்குள் ஆட்டவேண்டும். பாம்பு நாக்கை நீட்டிப் பார்க்கும். பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பள்ளிவிட்டு வந்து, கட்டுரை நோட்டுகள் ஒரு கட்டு மேஜையில் காத்திருக்க, நான் தரையில் உட்கார்ந்து செத்த எலியை ஆட்டிக்கொண்டிருப்பேன். அவள் பின்னால் நின்று, “கொஞ்சம் மெதுவா… இன்னும் கொஞ்சம் மூக்குக்கிட்ட…” என்பாள். கை வலிக்கும். கல்யாணமாகி அந்த ஆரம்ப நாட்களில் நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் அநேகமாக எலியைப் பற்றித்தான். ஒருவரை ஒருவர் “நீங்க” என்றே அழைத்துக்கொண்டிருந்தோம்.

வீட்டு எலிகள் தீர்ந்துபோயின. கடைத்தெருவில் அரிசி மண்டிக்காரரிடம் போனேன்.

“இன்னா வாத்யாரே, வூட்ல எலித் தொல்லையா?”

“இல்லப்பா. எலி வேணும்.”

சாக்குத் தைத்துக்கொண்டிருந்த ஊசியைக் கீழே வைத்தார். “வேணுமா? இன்னாத்துக்கு?”

“வீட்டுல ஒரு பாம்பு வளர்க்கிறோம்.”

“துன்னுதா?”

“இல்ல. அதான் பிரச்சனை.”

“துன்னாத பாம்புக்கு இன்னாத்துக்கு எலி?” என்றார். என்றாலும் அதற்குப் பிறகு மண்டியில் விழுந்ததை ஒரு டால்டா டப்பாவில் போட்டு எனக்காக வைத்திருப்பார். “பேஜாரான ஜோலி சார் உன்னுது” என்று சொல்லித்தான் தருவார்.

வீட்டு எலி பிடிக்கவில்லையோ என்னவோ என்று அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஒரு சனிக்கிழமை மேடவாக்கம் வரை சைக்கிள் மிதித்தேன். அப்போது அங்கே ஏரியும் வயலும்தான். அறுவடை நடந்த ஒரு வயலில் கேட்டு வாங்கிவந்த வயல் எலிக்கும் அதே கதி. பின்கட்டில் குடியிருந்த வீட்டுக்கார அம்மாள் பாலும் முட்டையும் கொண்டுவந்து பெட்டி முன்னால் வைத்துக் கும்பிட்டாள். “பாம்பு பால் குடிக்காதும்மா” என்று என் மனைவி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். “அது உங்க ஊர்ப் பாம்பு டீச்சர். இங்க வந்துட்டா இங்கத்துப் பழக்கம் வந்துடும்” என்றாள் அந்த அம்மாள். பாலைப் பூனை குடித்தது.

பாம்பின் முதுகெலும்பு தோலுக்கு மேல் தெரிய ஆரம்பித்தது. ஒரு நாள் சாயங்காலம் அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நின்றாள்.

“தலையைப் பிடிச்சுக்கறீங்களா? நான் ஊட்டிப் பார்க்கிறேன்.”

வேண்டாம் என்று சொல்லவும் அலுப்பாக இருந்தது. பிடித்துக்கொண்டேன். அதுவரை நான் அதைத் தொட்டதில்லை. குளிர்ந்து, வழவழவென்று, தோலுக்குள் ஏதோ ஓடுவது போல இருந்தது. அவள் ஒரு குச்சியால் வாயைத் திறந்து சின்ன எலிக்குஞ்சு ஒன்றை உள்ளே தள்ளினாள். பாம்பு முழுப் பலத்தையும் சேர்த்து என் மணிக்கட்டை இறுக்கியது. அதை விட்டபோது எனக்கும் மூச்சு வாங்கியது. காலையில் பார்த்தால் எலியை அப்படியே கக்கி வைத்திருந்தது. வீடு பூராவும் நாற்றம்.

மணலை அள்ளிக் கொட்டியவள் கொல்லைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“அங்க நல்லாத்தான் இருந்தான். ஒரு பிரச்சனையும் இல்ல. நான்தான் பிடிவாதமா தூக்கிட்டு வந்தேன். வந்திருக்கவே கூடாது.”

யார் வந்திருக்கக் கூடாது என்று சொல்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

“போதும், விடு” என்றேன். “இன்னிக்கு நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். அவனும் சும்மா இருக்கட்டும்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நான் “நீ” என்று சொன்னதை அப்போதுதான் நானும் கவனித்தேன்.

அடுத்த சனிக்கிழமை பெட்டியை மறுபடி படுக்கையறைக்கு மாற்றும்போது என் கை நழுவியது. பெட்டி நிலைப்படியில் இடித்துக் கண்ணாடி விரிசல் விட்டு உடைந்தது. பாம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்ணாடிக் கடைக்காரர் திங்கட்கிழமைதான் வருவார். அதுவரை எங்கே வைப்பது? கொல்லையில் ஒழுகிப்போன தண்ணீர்ப் பானை ஒன்று கவிழ்ந்து கிடந்தது. குறுகலான வாய். அதில் கொஞ்சம் மணலைப் போட்டு, பாம்பை உள்ளே இறக்கி, வாயில் தாம்பாளத்தை வைத்து, மேலே குழவிக் கல்லை ஏற்றினேன்.

“இவ்வளவு சின்ன இடத்துல எப்படி இருப்பான்?” என்றாள் அவள்.

“ரெண்டு நாள்தானே.”

மண்டியிலிருந்து வந்த எலி ஒன்று அன்றைக்கும் இருந்தது. இடுக்கியோடு உட்கார என்னால் முடியவில்லை. தாம்பாளத்தைக் கொஞ்சம் நகர்த்தி எலியை உள்ளே போட்டு மூடிவிட்டு வந்தேன்.

“பக்கத்துல உட்காரலையா?”

“இல்ல. சும்மா போட்டுட்டேன்.”

அவளுக்கும் சலித்துவிட்டது.

மறுநாள் ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போய்விட்டு வந்தோம். நல்ல வெயில். எலி நாற ஆரம்பித்திருக்கும், எடுத்து எறிந்துவிடலாம் என்று சட்டையைக்கூட மாற்றாமல் போய்க் கல்லை இறக்கினேன். எலியைக் காணோம். பாம்பு பானையின் அடியில் வளைந்து, உடம்பு முழுக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. நடுவில் ஒரு புடைப்பு.

அவளைக் கூப்பிட்டேன். கோயிலுக்குக் கட்டிய பட்டுப்புடவையோடு தரையில் மண்டியிட்டு, கையைப் பானைக்குள் விட்டு அந்தப் புடைப்பைத் தடவிப் பார்த்தாள். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

“பெரிய இடமா இருந்தா சந்தோஷமா இருப்பான்னு நெனச்சேன்” என்றாள். “இவனுக்கு இருட்டும் இடுக்கும்தான் வேணும் போல. இத்தனை வருஷம் பாடம் நடத்தியும் எனக்குத் தோணலை பாருங்க.”

“எனக்கும் தோணலை. கண்ணாடி உடைஞ்சதாலதான்.”

சந்தோஷப்படுவோம் என்று நினைத்திருந்தேன். இரண்டு பேருக்கும் அதற்குக்கூடத் தெம்பில்லை. அன்றைக்கு உலை வைக்கவில்லை. கூடத்தில் பாயை விரித்து, மின்விசிறிக்குக் கீழே ஆளுக்கொரு பக்கமாகப் படுத்தோம். ரயில்கள் போயின, டம்ளர்கள் உரசின. விழித்தபோது வெயில் இறங்கியிருந்தது.

அந்தப் பானையிலேயே அது பல வருடம் இருந்தது. சாப்பிட ஆரம்பித்தபின் வேலை குறையும் என்று நான் நினைத்தது தப்பு. எலிக்கு அலைவது நிற்கவில்லை. மார்கழிக் குளிர் வந்ததும் மறுபடி ஒன்றும் தொடாது. அது அதனுடைய வழக்கம், தை முடிந்தால் தானாகச் சாப்பிடும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். தெரிந்தும் காலையில் அவள் போய்த் தாம்பாளத்தை நகர்த்திப் பார்ப்பாள்.

“நேத்து வெச்சது அப்படியே இருக்குங்க.”

“இருக்கட்டும். விடு.”

“ஒருவேளை உடம்பு சரியில்லையோ?”

நான் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொள்வேன். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய் நானும் பார்ப்பேன்.