ஆள் இல்லாத படங்கள்

குற்றால சீசனுக்கு வந்திருந்த கடையநல்லூர் இன்ஜினியர், தென்காசியில் என் ஸ்டூடியோவில் ஒரு ஃபிலிம் ரோலைக் கொடுத்தார். விண்வெளியில் திரவங்கள் நடந்துகொள்ளும் விதத்தைப் படமெடுக்கும் கேமராவை வடிவமைப்பவர். டீ கிளாஸைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

ரோல் முழுக்க அருவித் துளிகள். ஆள் இல்லாத படத்தைப் பிரிண்ட் போடாமல் விடுவது எங்கள் வழக்கம்.

“ஒண்ணுலயும் ஆள் விழலயே, அண்ணாச்சி” என்றேன்.

“நீருமா இப்படிச் சொல்லுதீரு? எங்க ஆபீஸ்லயும் துளியை விட்டுட்டு, பக்கத்துல மிதக்குத ஆளை எடுக்கச் சொல்லுதானுவ. அப்ப சோதனை எதுக்குவே?” என்று வெடித்தார்.

எல்லாவற்றையும் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன்.

சில வருடம் கழித்து, விண்வெளியில் சிரித்தபடி மிதக்கும் ஒருவரின் படம் பேப்பரில் வந்தது. அவர் முன்னால் மிதந்த நீர்த்துளியைப் பாதியில் வெட்டியிருந்தார்கள்.

“எந்த மடையன்லே இதை வெட்டுனது?” என்று கத்தினேன். போட்டோவுக்கு உட்கார்ந்திருந்த குடும்பம் எழுந்து நின்றது.