ரொட்டிக்காரருக்குப் போன பூ

கேம்ப் ரோட்டில் நீங்கள் பார்க்கிற மாடி வீடுகளில் பதினொன்று நான் எழுப்பியது. ராஜகீழ்ப்பாக்கத்தில் மூன்று தெருவுக்குத் தண்ணீர் கொடுக்கிற தொட்டி... அதுவும் நான்தான். சிமென்ட் பெர்மிட்டுக்கு க்யூவில் நின்ற காலத்தில், மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன் கட்டியது. இன்றுவரை ஒரு சொட்டு ஒழுகவில்லை. தாம்பரம் கல்லறைத் தோட்டத்து மதிலும், உள்ளே பாதிக் கல்லறைகளும் என் கைவேலை.

எதற்கு இந்தப் பட்டியல்? சொல்கிறேன்.

எங்கள் காலனி சரோஜா டீச்சர், ரிடையர்டு ஹிஸ்டரி டீச்சர், மாதம் ஒரு ஞாயிறு காலை அந்தத் தோட்டத்தைச் சுற்றிக் காட்டுகிறார். ஒவ்வொரு முறையும் ஒரு தலைப்பு. ஒரு மாதம் நர்ஸுகள், ஒரு மாதம் வாத்தியார்கள். போன மாதம் ரயில்வேக்காரர்கள். "கூட வாங்க மேஸ்திரி, உங்களுக்குத் தெரியாத கல்லா" என்றார். கூப்பிடாவிட்டாலும் போயிருப்பேன்.

ஒரு கறுப்புக் கல் முன்னால் நின்று, அதிலிருந்த இங்கிலீஷைப் படித்தார் டீச்சர். ரயில் கார்டாக இருந்தவரின் கல்லறை. அவர் மகள் ரோஸ்லின் ரோஜாப்பூவோடு பக்கத்தில் நிற்கிறார்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"டீச்சர், இது பேக்கரிக்காரர் கல்லறை. கார்டு அய்யா பக்கத்துல இருக்கார். ஆறடிக்கு மேல உயரம் அவர். அவருக்கு மட்டும் ஏழடி கட்டினேன்."

"கல்லுல கார்டு பேர்தானே இருக்கு மேஸ்திரி?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பெரிய மழை. மதில் சரிந்து இரண்டு கல்லறை மேலும் விழுந்தது. பெயர்ந்த கற்களைத் திரும்ப நட்டது யார்? நான்தான். இரண்டும் ஒரே கறுப்பு, ஒரே அளவு, இரண்டிலும் இங்கிலீஷ். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. யாரையாவது படிக்கச் சொல்லியிருக்கலாம். கேட்கக் கூச்சம்... பெரிய மேஸ்திரி ஆச்சே.

டேப் எடுத்து அளந்தேன். பூ வைத்த இடம் ஆறடி. பக்கத்தில் ஏழு.

"மாத்தி நட்டவன் நான்தாம்மா" என்றேன்.

சுற்றிப் பார்க்க வந்திருந்த ரிடையர்டு ரயில்வே கேட் கீப்பர் மாசிலாமணி சும்மா இருப்பாரா? "இன்னா மேஸ்திரி, ஊருக்கெல்லாம் லெவல் பாத்துகினு கீறே, இங்க ஆளையே மாத்திட்டியே."

யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் ரோஸ்லினைப் பார்த்தார்கள். மழை பெய்தபோது அவர் வெளியூரில் வேலையில் இருந்தார். திரும்பி வந்தபோது, இடம் காட்ட அம்மாவும் உயிரோடு இல்லை. கல்லில் இருந்த பேரை நம்பித்தான் வந்தார். ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் சுண்ணாம்பு அடித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, ஜெபம் பண்ணி...

"அப்போ இத்தனை வருஷமா நான் யாருகிட்ட அழுதுகினு இருந்தேன் அண்ணா?"

நாற்பது வருஷம் கொத்தனார் வேலை பார்த்தவன், டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டேன்.

ரோஸ்லின் நகர்ந்துபோய் ஏழடிக் கல்லறை ஓரத்தில் உட்கார்ந்தார். பாசி படிந்திருந்தது. கையாலேயே தேய்த்தார். முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"பேக்கரி மாமாவுக்கும் யாரும் வர்றதில்ல. சின்ன வயசுல எனக்குச் சும்மாவே பன் குடுப்பாரு. இத்தனை வருஷப் பூ அவருக்குப் போனா போயிட்டுப் போவுது."

பிறகு என்னைப் பார்த்து, "நீங்க வாயை மூடிக்கினு இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. நல்லா இருங்க அண்ணா" என்றார்.

திட்டுவார் என்று நின்றவனுக்கு வாழ்த்து. இதற்கு என்ன கைம்மாறு செய்வேன்? படிக்காதது ஒரு குறையே இல்லை சார். படித்தவன் மாதிரி நின்றதுதான் குறை. அதைத் திட்டாமல் சொல்லிக்கொடுத்த ரோஸ்லினுக்கும், என்னை அங்கே கூட்டிப்போன டீச்சருக்கும் நன்றி.

ஃபாதரிடம் அனுமதி வாங்கி, அடுத்த சனிக்கிழமையே கற்களை மாற்றி நட்டேன். டீச்சர் எழுத்து எழுத்தாகப் படித்தார், ரோஸ்லின் தலையாட்டினார், அதற்குப் பிறகுதான் சிமென்ட் போட்டேன்.

இந்தக் கதையை அடுத்த நடைக்கு வருகிறவர்களுக்கு டீச்சர் டைப் அடித்துக் கொடுக்கப் போகிறாராம். காட்டினார். 'ஒரு மேஸ்திரி' என்று போட்டிருக்கிறார். அது என்ன ஒரு மேஸ்திரி? மாற்றி வைத்தவனும் நான், கண்டுபிடித்தவனும் நான், சரியாக நட்டவனும் நான் — பேரைப் போடுங்க டீச்சர், இனிஷியலோடு.